நாலு எண்ணி எடு, ஆறு எண்ணி விடு

1961-இல் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் யாழ்ப்பாணத்தில் தொடங்கித் திருகோணமலைக் கச்சேரி வாசலுக்கும் வந்தபோது, எங்கள் ஊரான திரியாயிலிருந்து அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பத்து வயது. போராட்டத்துக்கு ஆயத்தமாவதென்றால் வேட்டியைத் தோய்ப்பது, திருநீறு பூசுவது, அம்மாவிடம் ஏச்சு வாங்குவது. பயம் வந்தால் என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பயமே வராது என்பதுதான் கட்சியின் நிலைப்பாடு போலும்.

பொலிஸ் ஜீப்பைக் கண்டதுமே என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த பெரியவர் தேவாரம் எடுத்தார். எல்லோரும் இழுத்துப் பாடினோம். கொஞ்ச நேரத்தில் நெஞ்சிடி நின்றுவிட்டது. ஆண்டவன் கிருபை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

2021 பெப்ரவரியில், பொத்துவிலிலிருந்து பொலிகண்டி நோக்கிய பேரணி திருகோணமலைக்கு வந்தபோது பேத்தி புறப்பட்ட விதமே வேறு. முகக்கவசம், தண்ணீர்ப் போத்தல், முன்கையில் பேனையால் எழுதிய சட்டத்தரணியின் இலக்கம். போனில் கைரேகைப் பூட்டையும் நிறுத்திவிட்டாள். விரலைப் பிடித்து வைத்துத் திறந்துவிடுவார்களாம். எனக்கும் பாடம் எடுத்தாள்:

"பயம் வந்தா நாலு எண்ணி மூச்சை எடுங்கோ அப்பப்பா, ஆறு எண்ணி விடுங்கோ. வெளிமூச்சு நீண்டா நெஞ்சுத் துடிப்பு இறங்கும்."

தேவாரத்தில் நடந்ததும் அதுதானே! ஓர் அடி பாடி முடியும்வரை மூச்சு மெல்ல வெளியே போய்க்கொண்டிருக்கும். பிள்ளை கடவுளையும் பண்ணையும் கழித்துவிட்டுக் கணக்கை மட்டும் வைத்திருக்கிறாள். கை நடுங்குகிறதே என்று வெட்கப்பட்டவளிடம் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தைச் சொன்னேன். பார்க்கின்சன் நோயால் நடுங்கிய கைகளோடுதான் அவர் கட்சியை நடத்தினார்.

ஆனால் அந்தக் காலத்துப் பயத்துக்கு ஒரு நேர்மை இருந்தது. சீருடையோடு முன்னால் நிற்கும். அடித்தால் எல்லோருக்கும் சேர்த்து விழும். 1985-இல் ஊரையே எரித்து எங்களை விரட்டியபோதும் கூட்டமாகத்தான் ஓடினோம். வருடக்கணக்காகக் காத்திருந்து திரும்பி வந்தால், காணிக்குத் தொல்லியல் திணைக்களம் உரிமை கேட்கிறது. 2020-இல் கிழக்கின் தொல்லியலைக் காக்க ஜனாதிபதி அமைத்த செயலணியில் முதலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அதைக் கேட்கப் பதாகையோடு நின்றால் இப்போது அடிப்பதில்லை. சிவில் உடுப்பில் ஒருவர் படம் பிடிப்பார், சிரிப்பார், "வெயிலாக இருக்கே ஐயா" என்று குசலமும் விசாரிப்பார். மூன்றாம் நாள் போன் வரும்: "சும்மா கதைக்கத்தான், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ." அந்தச் சும்மாவுக்கு ஆறு எண்ணி விட்டுப் பார்த்தேன், அறுபது எண்ணியும் பார்த்தேன். அது தனியே இருக்கிறவனைத் தேடி வருகிற பயம்; மூச்சுக்கு அடங்காது. 2024 மேயில் சம்பூரில் போரில் இறந்தோர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிய பெண்களைக் கைது செய்த பிறகு, அடுப்பு மூட்டவும் யோசிக்கிற சனம் இருக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, மூச்சுப் பயிற்சியைப் பழகுங்கள், நல்லது. ஆனால் "சும்மா" என்று போன் வந்தால் தனியே போகாதீர்கள். யார், எந்த இடம், எத்தனை மணி என்று கேட்டு எழுதி, வீட்டில் சொல்லிவிட்டு, சட்டத்தரணியோடு போங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அதையும் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.