இங்கே விளக்கு வைக்கும் நேரம், அங்கே மதியச் சோறு

நேற்று ராத்திரியும் அதேதான் நடந்தது. மகளிடம் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். ஸ்பெயினில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்கப் போகிறவர்கள் போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடியிருக்கும் முகவரியை அந்த ஊர் நகராட்சியில் பதிய வேண்டும். இரண்டுக்கும் முதலில் தேதி வாங்க வேண்டும். தேதி கிடைத்ததா இல்லையா? இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான். வருகிறேன். அதற்குள் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்.

"சாப்ட்டியாத்தா?"

கீரனூரில் மணி எட்டரை. மகள் இருக்கும் சாலமான்காவில் சாயங்காலம் ஐந்து. சாப்பிட்டாயிற்று என்கிறாள் பேத்தி. என்ன சாப்பாடு? மதியச் சாப்பாடு. எப்போது? இரண்டரைக்கு மேல். அம்மா விரல்விட்டு எண்ணி, அது நமக்கு ஆறு மணி என்று கண்டுபிடிக்கிறார். "விளக்கு வைக்கிற நேரத்துல சோறு திங்கிறியா?" அங்கே வெயில் கொளுத்துகிறது என்று சொன்னால் அது வேறு கதை. விளக்கு என்பது கீரனூர் விளக்கு. சரி, ராத்திரிக்கு? ஒன்பதரைக்குத்தான், அதற்கு முன்னால் ஓட்டலில் அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள். ஒன்பதரை என்றால் நமக்கு? ஒரு மணி. அர்த்த ராத்திரி! பிள்ளை பேய் நடமாடுகிற நேரத்தில் சாப்பிடுகிறது.

போன் கைமாறுகிறது. அத்தை. "சாப்ட்டியா?" சின்னம்மா. "என்ன சாப்ட்டே?" மாடி வீட்டு அக்கா, பால் பாத்திரத்தோடு. "சாப்ட்டியாம்மா?" எல்லாரும் பக்கத்தில் நின்று பதிலைக் காதால் கேட்டவர்கள்தான். இருந்தாலும் தன் வாயால் கேட்டால்தான் கணக்கில் சேரும். பதிலுக்குக்கூட யாரும் காத்திருப்பதில்லை. வகுப்பில் வாத்தியார் பேசுகிற வேகம் புரிகிறதா, அறையில் கூட யார் இருக்கிறார்கள், அழுதாளா, கேட்க ஆள் இல்லை.

நிலைமையைச் சீராக்குவதாக மைத்துனர் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிவந்து, ஹாலில் ஸ்பெயின் நேரம் வைத்து மாட்டினார். மூன்றரை மணி பின்னால் ஓடுகிறது. திருச்சி பஸ்ஸுக்கு வந்த உறவுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் நேரமிருக்கிறது என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் காபி, அப்புறம் இட்லி, அப்புறம் அவர் கையிலும் போன். "சாப்ட்டியாம்மா?"

பொறுக்க முடியாமல் நான் விளக்கப் புறப்பட்டேன். தப்பு பிள்ளையுடையது அல்ல, கடிகாரத்துடையது. ஸ்பெயின் இருப்பது இங்கிலாந்துக்கு நேர் கீழே. மணியும் லண்டன் மணியாகத்தான் இருந்தது. 1940 மார்ச்சில் அந்த நாட்டுச் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனி கடிகாரத்தோடு சேர்த்துவிட்டார். யுத்தம் முடிந்தது, ஹிட்லர் போனார், 1975-ல் ஃபிராங்கோவும் போய்ச் சேர்ந்தார், முள் மட்டும் திரும்பவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் வேறு தள்ளுகிறார்கள். ஆகவே செப்டம்பரில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டேகால் வாக்கில். இரண்டரைக்குச் சாப்பிடுகிறவள் உண்மையில் உச்சிப் பொழுதில்தான் சாப்பிடுகிறாள். நம் கடிகாரம் மட்டும் என்ன யோக்கியம்? மிர்சாப்பூர் பக்கம் போகிற தீர்க்கரேகையை வைத்து நாடு முழுக்க மணி பார்க்கிறோம், கீரனூர் சூரியனுக்கு அது கால் மணி முந்தி.

அம்மா பொறுமையாகக் கேட்டார். "எவனோ ஒருத்தன் கடியாரத்தத் திருப்பி வச்சுட்டுச் செத்துப் போனான்னா எம்பேத்தி பட்டினி கெடக்கணுமா?"

புரட்டாசி பிறந்ததும் இன்னும் மோசம். சனிக்கிழமை கவுச்சி கூடாது, மலையடிப்பட்டிப் பெருமாளுக்கு வேண்டுதல் இருக்கிறது. பிள்ளையும் பயபக்தியாகக் காய்கறி சாலட் வாங்கியிருக்கிறாள், அதன் தலையில் சூரை மீன். மீனை அவர்கள் அசைவத்தில் சேர்ப்பதில்லையாம். கடைக்குக் கடை முழுப் பன்றித் தொடை தொங்கும்போது மீன் எந்த மூலைக்கு? மிளகாயை அமெரிக்காவிலிருந்து கப்பலேற்றி உலகத்துக்குக் கொடுத்தவர்கள், தாங்கள் மட்டும் காரம் சாப்பிட மாட்டார்களாம். இந்தச் செய்தியால் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கூரியரில் போகின்றன. பொடியைவிடக் கூரியர் காசு எத்தனை மடங்கு என்பதை நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

ஒருநாள் அவளே பேச்சை மாற்றிப் பார்த்தாள். 1218-ல் தொடங்கிய பல்கலைக்கழகம்ப்பா, முகப்பெல்லாம் கல்லில் சிற்பம், அதில் ஒரு மண்டையோட்டின் மேல் சின்னத் தவளை, யாரும் காட்டாமல் தானே கண்டுபிடிக்கிறவர்கள் பரீட்சையில் தேறிவிடுவார்களாம். ஆசையாகத்தான் ஆரம்பித்தாள். நார்த்தாமலைச் சிற்பங்களை நிமிர்ந்து பார்க்காத பிள்ளை கல்லைப் பற்றிப் பேசுகிறதே என்று எனக்கும் சந்தோஷம். அத்தை போனை இழுத்தார்.

"தவளையவும் திங்கிறாய்ங்களா?"

இப்போது வீட்டில் ராத்திரிச் சாப்பாடு பத்தரைக்கு. போன் ஓயாமல் தோசைக்கல் ஏறுவதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு ஸ்பெயினில் கடிகாரத்தைத் திருப்புவார்கள், மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆகிவிடும். அதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் முதலில் மொத்தக் கணக்கையும் விரல்விட்டு மறுபடி போடுவார்கள். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி மைத்துனர் கடிகாரத்தை இறக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.