பவளத்துக்கு ஒரு முழுக்கு

கேள்வி: கடல்நீர் மீன்தொட்டிக்காகக் கடையில் வாங்கிய உயிர்ப்பவளத்தை மருந்துநீரில் முக்கி எடுத்தால் பூச்சித் தொல்லை தீருமா?
(வாசகர், டோஸ்ட்ருப், டென்மார்க்)

பதில்: பாதி தீரும். கிருமிக்கு அயோடின்; அக்ரோபோரா என்னும் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவுக்கு, நம்மூர் ஆடுகளுக்குக் கொடுக்கும் அதே குடற்புழு மருந்து, லெவமிசோல். முக்கி உலுக்கினால் புழு உதிரும். பவளத்தின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும் கள்ளன் அப்போதுதான் கண்ணில் படுவான். ஆனால் அவன் முட்டைகள் மருந்துக்கு மசியாது. சதையில்லாத அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒட்டியிருக்கும். சுரண்டுங்கள், அந்தப் பகுதியையே வெட்டியெறிந்தால் உத்தமம். பிறகு தனித்தொட்டியில் சில வாரம் சிறைவாசம், இடையிடையே மறுமுழுக்கு. முக்கி எடுத்த நீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்!

ஊருக்கு வரும்போது மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டு ஒடித்துக்கொள்ளலாம் என்ற ஆசை வேண்டாம். கல்பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. முழுக்கு உங்களுக்குத்தான் விழும்.