லயத்துப் பைப்புக்கு ஒரு வாழ்த்துமடல்

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஃபைட்டர் மீன் வளர்க்கிற எல்லார் சார்பிலும் துரைமார்களுக்கு ஒரு வாழ்த்துமடல் வாசிக்க வேண்டும். இது நெடுநாள் கடன். மாற்றலாகிப் போகிற பெரிய துரைக்கு மாலை போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மடல் கொடுப்பது இங்கே வழக்கம்தான். கோயிலுக்குத் தகரம் கொடுத்ததற்கும் திருவிழாவுக்கு லொறி அனுப்பியதற்கும் அதில் நன்றி இருக்கும். லயத்துப் பைப்பில் வருகிற தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதியதில்லை. நன்றி கெட்ட சனங்கள்.

ஃபைட்டருக்குப் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கம். வயல் நீரிலும் சதுப்பிலும் வளர்ந்த இனம். செவுள் போதாதென்று, மேலே வந்து காற்றை இழுத்துச் சுவாசிக்கத் தலைக்குள் தனியாக ஓர் உறுப்பும் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் கடைக்காரர் அதைச் சின்னப் போத்தலில் அடைத்து விற்கிறார். ஆனாலும் குளோரின் பட்டால் அதன் செவுள் வெந்துபோகும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய் ஓடுகிற ஊர்களில் மீன் வளர்ப்பவர் படுகிற பாட்டைக் கேட்டால் பாவமாக இருக்கும். வாளியில் தண்ணீரைப் பிடித்து, மூடாமல், ஒரு நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரை விட்டுக் குளோரின் வாயு லேசில் போகாது. ஆகவே மலைநாட்டில் அந்த ஒரு நாளும் போதாமல் போகலாம். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் வாங்கிச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், சில நிமிடத்தில் குளோரின் அடங்கும். குளோரினோடு அமோனியாவைச் சேர்த்துக் குளோரமைனாக்கி அனுப்புகிற நாடுகளில் வாளியில் வைத்திருப்பது உதவாது, மருந்துதான் கதி.

எங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. மலைக்கு மேலே ஊற்று, அதன் கீழே பாசி பிடித்த தொட்டி, தொட்டியிலிருந்து கறுப்புக் குழாய், குழாய் முடிகிற இடத்தில் லயம். நடுவில் எந்த இரசாயனமும் குறுக்கிடுவதில்லை. பைப்பைத் திறந்து பிடித்த தண்ணீரை, குளிரை மட்டும் போக்கி, உடனே மீனுக்கு விடலாம். ஓர் உயிரின் செவுளை இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்து ஒரு நீர் வழங்கலை நடத்த எத்தனை கருணை வேண்டும்! 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது பெயர்ப்பலகை மாறியது, கணக்குப் புத்தகம் மாறியது. இந்தக் கருணை மட்டும் பல தோட்டங்களில் அப்படியே இருக்கிறது. சில இடங்களில் வெளியார் உதவியில் வடிகட்டியும் குளோரினும் வந்துவிட்டதாகக் கேள்வி. அங்கே மீன் வளர்ப்பவர்களுக்கு எங்கள் அனுதாபம்.

குற்றம் கண்டுபிடிப்பவர்கள் உடனே எஸ்.எல்.எஸ். 614 என்பார்கள். குடிநீருக்கான இலங்கைத் தரம் அது. 100 மில்லிலீட்டர் நீரில் ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது என்கிறது. லீட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது குழாயின் கடைசி வாய் வரை மிஞ்சியிருந்தால்தான் வழியில் புகும் கிருமிக்குக் காவல் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சொல்லட்டும். அதெல்லாம் மனிதர்களை மனதில் வைத்து எழுதியது. மீனுக்கு டைபாய்டு வராது, மஞ்சள் காமாலை வராது. பிள்ளைக்காம்பராவில் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டால் டிஸ்பென்சரியில் ஜீவனி கரைத்துக் கொடுக்கிறார்கள். கூடவே ‘கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்’ என்ற சுவரொட்டியும் ஒட்டியிருக்கிறது. ஒரு நிர்வாகம் இதற்கு மேல் என்னதான் செய்யும்? விறகு தேடிக் கொதிக்க வைப்பது, விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுகிற பெண்களின் பொறுப்பு.

சுவரொட்டியின் சொல்லை மீன்காரர்கள் மட்டும் தவறாமல் கேட்கிறோம் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம். ஃபைட்டருக்கு 24 முதல் 28 பாகை வரை வெதுவெதுப்பு வேண்டும். 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிற நானுஓயாவிலோ பைப்புத் தண்ணீர் விரலை விறைக்க வைக்கும். ஆகவே கேத்தலில் கொதிக்க வைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கையில் சூடும் குளிரும் உறைக்காத பக்குவத்துக்குக் கொண்டுவந்து, பழைய நீரில் கால்வாசியை மட்டும் மாற்றுகிறோம். ஒரேயடியாக மாற்றினால் மீன் அதிர்ந்துபோகும். போத்தலுக்கு மேல் லேசாக ஒரு மூடி. இல்லாவிட்டால் சுவாசிக்க மேலே வருகிற மீன் பனிக்காற்றை விழுங்கும். விறகு குறைந்த நாட்களில் சில காம்பராக்களில் கொதித்த தண்ணீர் கிடைப்பது கைக்குழந்தையின் பால்மாவுக்கும் மீனுக்கும்தான். மற்றவர்கள் பைப்பில் குடித்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள்.

மீனை இப்படிச் சீராட்டுவது இந்த மலைக்குப் புதிதல்ல. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரௌட் மீனின் முட்டைகளைக் கப்பலில் தருவித்து, பொரிக்க வைத்து, நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். தூண்டில் போடப் பொழுதுபோக்கு வேண்டுமே. ட்ரௌட்டுக்குக் குளிர்ச்சியான, ஓடுகிற, தெளிந்த நீர் இல்லாவிட்டால் ஆகாது என்று தெரிந்து இடம் பார்த்தார்கள். 1885இல் ரயிலும் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்தது. அதே காலத்தில் லயத்து ஆட்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை.

ஊற்றுக்கு மேலே இருக்கிற தேயிலை மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1946இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் கண்டது முதல், மழை மூட்டத்தில் கொழுந்தைக் காக்கச் செம்பு கலந்த மருந்து அடிப்பது வழக்கம். மழையில் கழுவப்பட்டுக் கீழே வந்தால் செம்பு மீனுக்கு நஞ்சு. நம்முடைய மலைநீரைப் போலச் சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் அதன் கடுமை இன்னும் கூடும். கொதிக்க வைத்தாலும் போகாது, தயோசல்பேட்டும் அதற்காக ஏற்பட்டதல்ல. ஆகவே மேல் மலையில் மருந்தடித்து மழை பெய்தால் இரண்டொரு நாளைக்கு நாங்கள் மீனுக்குப் பைப்புத் தண்ணீர் மாற்றுவதில்லை. குடிக்கப் பிடிப்பவர்கள் வழக்கம்போலப் பிடிக்கிறார்கள். ஆட்களுடைய உடம்பு மீனைவிடத் திடமானது என்பதில் துரைமார்களுக்கு இருக்கிற நம்பிக்கை எங்களுக்கும் பெருமைதான்.

குறையென்று ஒன்றே ஒன்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்று தெரிந்தால், அன்று காலையில் யாராவது தொட்டிக்கு ஏறிப் பிளீச்சிங் பவுடரை அளவில்லாமல் கொட்டிவிடுகிறார்கள். பைப்பைத் திறந்தால் கண் எரிகிறது. தெரியாமல் தண்ணீர் மாற்றியவர்களின் மீன் மத்தியானத்துக்குள் மல்லாந்துவிடுகிறது. ஐயா வரும் திகதியை முதல் நாள் பெரட்டிலேயே அறிவித்துவிட்டால், மீனுக்கு வேண்டிய தண்ணீரை நாங்கள் முன்கூட்டியே வாளியில் பிடித்து வைத்துக்கொள்வோம்.