எழாக் கருவி இயல்: ஒரு நூற்பாவும் உரையும்

பாயிரம்

ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் பழைய ப்ரீஆம்புக்கு இலக்கணம் இல்லாத குறை தீர்க்க எழுந்தது இந்நூல். வயலினிலும் வீணையிலும் ஒட்டிய பிக்கப் தரும் மெலிந்த சிக்னலை, ஆம்ப்ளிஃபயர் மதிக்கும் அளவுக்கு உயர்த்துவது ப்ரீஆம்பின் தொழில். எல்லை: கருவி விற்கும் ரிச்சி தெரு முதல் வாங்கியவர் வீட்டு மேசை வரை. கேட்போர்: ‘நல்ல கண்டிஷன் சார்’ என்ற வாக்கை நம்பியோர். பயன்: வாங்கிய விலைக்கு வீட்டாரிடம் நியாயம் கற்பித்தல்.

நூற்பா

விளக்கெரி யாமையும் ஒலியெழா மையும்
இறப்பெனப் படாஅ, தொடர்பறல் என்ப.

உரை

என்பது, சுவிட்சைப் போட்டும் எழாத கருவியைச் செத்தது என்னற்க. எங்கோ ஓர் உலோகம் இன்னொன்றைத் தொடாமல் நிற்கிறது என்று கொள்க.

இதில் இரு மரபினர் உளர். செத்த தவளையின் கால் துடித்தது கண்ட கால்வானி, மின்சாரம் உடலுக்குள்ளேயே உறைகிறது என்று 1791-இல் எழுதினார். தொட்ட உலோகங்களில்தான் சங்கதி என்று மறுத்த வோல்ட்டா, துத்தநாகமும் வெள்ளியும் உப்புநீரில் நனைத்த அட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிய முதல் பேட்டரியை 1800-இல் அறிவித்தார். இன்றைய கால்வானி மரபினர், பெட்டி பேசாவிட்டால் உடனே ஐசியைக் கழற்றுவர். வோல்ட்டா மரபினர் பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்ப்பர். உரையாசிரியர் பின்னவர் கட்சி. என்னை? ரப்பர் மலிவு.

தொடர்பு அறும் இடம் மூன்று.

முதலாவது பேட்டரி கிளிப். உள்ளேயே மறந்துவிட்ட ஆல்கலைன் பேட்டரி ஒழுகினால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளிவந்து முனைகளில் வெள்ளையாய்ப் பூக்கும். எலுமிச்சைச் சாறு அக்காரத்தை முறிக்கும். பின்பு துடைத்து உலர்த்துக. காரம் கம்பியின் உறைக்குள் ஏறிச் செம்பைக் கருக்கியிருந்தால் கிளிப்பையே மாற்றுக.

அற்றேல், மல்டிமீட்டர் ஒன்பது வோல்ட் காட்டுகிறதே எனின், அது வேலையில்லாத பேட்டரியின் வீரம். மீட்டர் கேட்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். கருவியில் மாட்டி அளந்தால் சாயம் வெளுக்கும்.

இரண்டாவது, இன்புட் ஜாக். இதுவே இயலின் மறைபொருள். பல ப்ரீஆம்ப்களில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பி ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்தில் முடிகிறது. மோனோ பின்னைச் செருகினால், அதன் நீண்ட உடல் வளையத்தையும் எர்த்தையும் சேர்த்துச் சுற்றை மூடும். ஆகவே எந்தப் பின்னும் செருகாமல் ‘ஆன் ஆகவில்லை’ என்பதும், ஸ்டீரியோ பின்னைச் செருகிவிட்டு ஏங்குவதும் கருவியின் குற்றம் அல்ல.

மூன்றாவது, அடாப்டர் சாக்கெட். அடாப்டர் நுழைந்ததும் பேட்டரியை விலக்கும் சிறு தகடு அதனுள் உண்டு. அடாப்டர் போன பின்னும் அது ஊடல் தீராமல் விலகியே நின்றால், புது பேட்டரியும் வீண்.

புறனடை

தொடர்பு மிகுந்து எழாமையும் உண்டு. பழைய உரிமையாளர் துருவம் மாறிய அடாப்டரைக் கொடுத்திருந்தால், காவல் டயோட் ஷார்ட்டாகி உயிர்விட்டிருக்கும். அதன்பின் பேட்டரி சூடாகுமே ஒழியக் கருவி எழாது. டயோடின் ஒரு காலைத் தூக்கினால் எழும். உடனே புதுக் காவலனை நியமிக்க.

தட்டிப் பார்த்தல், இலக்கண நூலார் சொன்ன முப்பத்திரண்டு உத்தியுள் இல்லை. ஆயினும் தட்டியதும் கணநேரம் உயிர்த்தால், எங்கோ ஈயம் விட்டிருக்கிறது என்பது துணிபு. எனவே தட்டல் சோதனையே, மருந்தன்று.

இத்தனைக்கும் எழாததைக் கால்வானி மரபினரிடம் ஒப்படைக்க. அவர்கள் ஐசியை மாற்றி எழுப்பிவிட்டால், மாற்றும்போது சாக்கெட்டில் இருந்த துரு உரசிப் போனதாலேயே எழுந்தது என்று சாதித்து, நம் கட்சியை நிலைநாட்டுக.