குடத்துக்கு விருதில்லை

குளத்தூர், பாறசாலையை ஒட்டிய தமிழ்நாடு–கேரள எல்லையின் கேரளப் புறம் வில்லடிச்சாம்பாட்டு என்றும் தமிழ்நாட்டுப் புறம் வில்லுப்பாட்டு என்றும் வழங்கும் கலையின் குழு, வில்லின் நாணை வீசுகோல் எனும் குச்சிகளால் தட்டிக் கதை சொல்லும் அண்ணாவி, அவர் அடியை வாங்கிப் பாடும் பக்கப்பாட்டுக்காரர், உடுக்கை, கட்டை, மண்குடம், ஜால்ரா (அரசியல் கலவாத, வெண்கலத்தாலான தாளம்) ஆகியவற்றை இசைப்போர் எனச் சிறு குடும்பமாகவே அமைவதால், பாகப்பிரிவினையும் அதன் உடன்பிறப்பாயிற்று. பக்கப்பாட்டுக்காரர் ஒருவர் கதையை முழுதாக மனப்பாடம் செய்துவிட்டார் என்றால், ஊரில் இரண்டாவது குழு உருவாகிவிட்டது என்று பொருள்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கியதே ஆகப் பெரிய பிரிவினை. கொடைவிழாவில் இப்பாட்டைக் கேட்கும் தெய்வங்களான சுடலைமாடனிடமோ இசக்கியம்மனிடமோ, எந்த மாநிலம் வேண்டும் என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. பின்னர் ஆர்மோனியம் அழைப்பின்றி வந்தமர்ந்தது; ஒலிபெருக்கி வந்ததும், யாருக்கு ஒலிவாங்கி அருகில் என்பதே குழுவின் தலைமைச் சிக்கலாயிற்று. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், சுப்பு ஆறுமுகம் ஆகியோரால் வில் நகர மேடையும் ஏறிற்று. சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது; எந்தக் குழுவிலிருந்தும் இதுவரை விலகாத குடத்துக்கு எதுவும் அறிவிக்கப்படவில்லை.