பதில் சொல்லுங்க டாக்டர்!

வாசகர், திண்டுக்கல்: டாக்டர் தப்பு செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

வழக்கமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் புலம்பிவிட்டு விட்டுவிடுகிறோம். சென்னையில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள். டாக்டரின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டால் நல்லது. கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் அதைப் போட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. (கையெழுத்து புரியாவிட்டாலும் எண்ணாவது புரியும்!)

வாசகி, கரூர்: கவுன்சில் என்னதான் செய்யும்?

எச்சரிக்கும். பதிவேட்டிலிருந்து பெயரைக் கொஞ்ச காலத்துக்கோ அடியோடோ எடுக்கும். பெயர் போனால் ஸ்டெதஸ்கோப் வெறும் கழுத்தணிதான். ஜெயிலும் நஷ்டஈடும் அதன் கையில் இல்லை. ஜெயிலுக்குப் போலீஸ், நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். அங்கே 2 வருடத்துக்குள் போய்விட வேண்டும். யாரிடமும் காசு வாங்காத அரசு ஆஸ்பத்திரி என்றால் அந்தக் கதவு திறக்காது. 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. கவுன்சிலுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சம்பளம் யார் கொடுத்தாலும் டாக்டர் டாக்டர்தான்.

வாசகர், ஆரணி: எங்கள் தெரு 'டாக்டர்' படித்தது பிளஸ் டூ. அவர் பெயரையும் நீக்குவார்களா?

இருந்தால்தானே நீக்க! நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போங்கள்.

பெயர், ஊர் வேண்டாம்: பரிசோதனை என்ற பெயரில் தவறாக நடந்துகொண்டார். வெளியே சொல்ல அசிங்கமாக இருக்கிறது.

அசிங்கப்பட வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை. டாக்டர் என்ற இடத்தைப் பயன்படுத்தி நோயாளியிடம் முறைகேடாக நடப்பதற்கு 2002 விதிகளில் 7.4 என்று தனி எண்ணே இருக்கிறது. அது கிரிமினல் குற்றமும்கூட. கவுன்சில் விசாரித்து முடிக்கட்டும் என்று போலீஸ் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் போக்சோ. விஷயம் தெரிந்தவர்கள் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே அதில் குற்றம்.

மற்ற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருப்பது உங்கள் உரிமை. 2019இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. "அம்மா வெளியில இருக்கட்டும்" என்றால், "அப்ப நானும் வெளியில இருக்கேன் சார்" என்று எழுந்துவிடுங்கள்.

வாசகர், திருநெல்வேலி: டாக்டரை டாக்டர்களே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா?

மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிறீர்கள். ஆனால் வைத்தியத்தில் நடந்த பிசகு வைத்தியருக்குத்தானே பிடிபடும்? எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. பழைய விதிப்படி, கவுன்சில் முடிவில் மனக்குறை உள்ள யாரும் 60 நாளுக்குள் டெல்லிக்கு மேல்முறையீடு செய்யலாம். 2019இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அந்த உரிமையை டாக்டருக்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறது. நோயாளியைக் காணோம்! அடிபட்டவனுக்கு அப்பீல் இல்லை, அடித்தவனுக்கு உண்டு. இதைத் திருத்தாமல் கவுன்சிலை மட்டும் திட்டிப் பயனில்லை.

வாசகர், தேனி: புது விதிகள் வந்ததாகச் சொன்னார்களே?

வந்தன. 2023 ஆகஸ்டில் அறிவித்து, அதே ஆகஸ்டில் நிறுத்தி வைத்தார்கள். இருமல் மருந்துக்குக்கூட இதைவிட நீண்ட ஆயுள்.

வாசகி, சிதம்பரம்: புகார் கொடுக்கலாம் என்றால் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள்.

உள்நோயாளியின் ரெக்கார்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். தராததே தனி ஒழுங்கீனம், புகாரில் அதையும் சேருங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். அந்த ரசீதைத் தொலைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.