ஓட்டையப் பாரு தாயி

ஏ தாயி, நீ ஆரி வகுப்புக்குப் போனதுல இருந்து இந்தத் தெருவுல ஒரு ஜாக்கெட்டும் தப்பல. பட்டு முடிஞ்சது, பருத்தி முடிஞ்சது. இப்பச் சாக்கு, ரெக்சின், பனியன்னு கண்ணு போகுது. நேத்து என் தோல் செருப்பத் தூக்கித் திருப்பிப் பாத்தியே, அப்பவே எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. தையி, வேண்டாங்கல. விருதுநகர் மண்டியில மல்லி மூட்டைக்கும் வத்தல் மூட்டைக்கும் கோணி ஊசி பிடிச்சே நரைச்சவன் நான். நீங்கல்லாம் பூவப் பாக்குற ஆளுக. நான் ஓட்டையப் பாத்தவன்.

துணின்னா இழையும் இழையும் பின்னிக் கெடக்குது. ஊசி போனா ஒதுங்கி வழி விடும், பெறகு சேந்துக்கிரும். தோலுக்கும் ரெக்சினுக்கும் காயிதத்துக்கும் அந்தப் பெருந்தன்மை கெடையாது. குத்துனா குத்துனதுதான். பிரிச்சுட்டு மறுபடி தச்சா, பழைய ஓட்டை நாலு பேரு முன்னாடி சாட்சி சொல்லும். ஒரு தோல் பர்ஸுல போயி சாட்டின் தையல நெருக்கி நெருக்கி நெரப்புனேன்னு வையி, கண்டக்டர் டிக்கெட்டக் கிழிக்கிற கணக்கா ஒன் ரோசாப்பூ தனியாக் கையோட வந்துரும். அந்தப் பர்ஸ ‘இதுதான் புது மாடல்’னு ஒன் அத்தை மகளுக்குக் குடுத்துரலாம், அவளுக்கு என்ன தெரியும்! தோலுக்குன்னே முனை மூணு பட்டையா இருக்கிற ஊசி விக்கிது. குத்தூசியால மொதல்லயே தள்ளித் தள்ளி ஓட்டை போட்டுக்கிட்டு, காம்புத் தையலோ பின்தையலோ போட்டுட்டு எந்திரி. வளையத்துல மட்டும் மாட்டாத, தழும்பு விழுந்துரும்.

சாக்கு தங்கமானது. இழைய எண்ணி எண்ணி ஊசி விடலாம். நீலகிரியில தோடர் வீட்டுப் பொம்பளைக செய்யிறதும் இந்த எண்ணிக்கைதான். முரட்டு வெள்ளைத் துணி, செவப்பும் கறுப்புமா நூலு. பென்சில் கோடு கெடையாது, வளையம் கெடையாது, எண்ணியே பூ எறங்குது. 2013ல அதுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாக. நீ என்னடான்னா சாக்குல டிரேசிங் பேப்பர ஒட்டி மல்லுக்கட்டுற. ஆறு பிரி நூல்ல ரெண்டு பிரிய உருவி நோகாமத் தைக்கிறியே, சணல் அத முழுங்கிட்டு ஏப்பம் விடும். ஆறையும் சேத்துப் போடு, இல்ல உல்லனப் போடு. ஊசி மொட்டை முனையா இருக்கட்டும்.

பனியன வளையத்துல இழுத்து மாட்டித் தைப்ப. கழட்டுனதும் அது பழைய அளவுக்குச் சுருங்கும், ஒன் மயிலு மூஞ்சியச் சுளிக்கும். பின்னாடி மெல்லிசா ஒரு துணி குடுத்து, நூல இழுக்காமச் சங்கிலித் தையல் போடு. அது கொஞ்சம் நீண்டு குடுக்கும்.

நீ போன்ல காட்டுனியே, லித்துவேனியாக்காரி செவெரியா. மிச்சப் பேரு என் பொக்கை வாயில நிக்காது. வாளி, கார்க் கதவுன்னு தகரத்துல டிரில் போட்டுக் குறுக்குத் தையல்ல பூத் தச்சிருக்கா. பாத்தியா, அவளும் ஓட்டையத்தான் மொதல்ல போட்டா! அந்த வாளியில தண்ணி நிக்குமான்னு கேக்காத, அது கலை. நம்ம வீட்டு வாளியில டிரில்ல வச்சேன்னா ஒங்க ஆத்தா கேப்பா.

தகரத்த விடு, வண்டு றெக்கையவே தச்ச கதை இருக்கு. நாங்க சின்னப் பிள்ளையில பொன்வண்டப் பிடிச்சு வேலம் எலையோட தீப்பெட்டியில அடைப்போம். அந்த இனத்து வண்டோட மேல் றெக்கையத்தான் மஸ்லின்ல தச்சு இங்க இருந்து கப்பலேத்துனாக. லண்டன்ல எல்லன் டெர்ரின்னு ஒரு நாடகக்காரி, 1888ல லேடி மெக்பெத் வேசத்துக்கு ஆயிரம் றெக்கை கிட்டத் தச்ச பச்சை உடுப்புப் போட்டா. மறு வருசம் சார்ஜென்ட்னு ஒரு ஓவியரு அந்த உடுப்போட அவள ஓவியமாவே வரைஞ்சுட்டாரு. ராசாவக் கொல்லத் தூண்டி விடுறவ வேசம். ராசாவுக்கு முந்தி வண்டுக போயிச் சேந்துருச்சு. ஒனக்கும் ஆசையிருந்தா, தானாச் செத்து விழுந்த வண்டாப் பொறுக்கு. றெக்கைய ஆவியில காட்டி இளக்கிட்டுக் குத்து. காஞ்சதக் குத்துனா படக்குன்னு வெடிச்சுரும்.

ஆனா வண்டு பொறுக்கப் போறதுக்கு முந்தி, அபூர்வமான துணி ஒண்ணு நம்ம திண்ணையிலயே கெடக்கு. என் சாய்வு நாற்காலிக் கித்தான். நடுவுல கிழிஞ்சிருக்கு, ஓட்டை போடுற சோலி ஒனக்கு மிச்சம். பின்னாடி கனத்த துணி குடுத்து நெருக்கமாத் தையி, மேல எந்தப் பூவ வேணாலும் போட்டுக்க. முடிச்சுத் தையல் மட்டும் வேண்டாம் தாயி, உக்காரப் போறவன் நான்.